சொந்த ரோல்பிளேயிங் கேமை இணையத்தில் வெளியிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேசையில் நீங்களே உட்கார்ந்து நடத்தும்போது எந்த ஆட்டமும் ஓடிவிடும். விதியில் ஓட்டை இருந்தால் வாயாலேயே அடைத்துவிடுவீர்கள். யாராவது முழித்தால் முகத்தைப் பார்த்தே விளக்கிவிடுவீர்கள். பிடிஎஃப்பாக வெளியிட்ட பிறகு அந்த வசதி கிடையாது. முன்பின் தெரியாத நான்கு பேர் உங்கள் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்களைக் கேட்க வழியில்லாமல் ஆடப்போகிறார்கள். விதியை எழுதும் விதம், பக்க அமைப்பு, விற்பனைப் பக்கத்தின் முதல் வரி எல்லாமே அந்த நால்வரை மனதில் வைத்து முடிவு செய்ய வேண்டியவை. கடையில் கோப்பை ஏற்றுவது அரை நாள் வேலை. அதற்கு முந்தைய வேலைதான் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் இந்த வழிகாட்டியும் அங்கேதான் அதிகம் நிற்கிறது.

இங்கே பேசுவது பகடை, தாள், பேச்சு இவற்றால் ஆடும் டேபிள்டாப் ஆர்பிஜி, அதாவது ரோல்பிளேயிங் கேம்: பெரும்பாலும் ஒருவர் நடத்துநராக இருப்பார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுவார்கள். கணினி விளையாட்டு வேறு உலகம்.

அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

முதல் வெளியீட்டுக்கு நடைமுறையில் மூன்று அளவுகள் உண்டு. ஒரே தாளில் அடங்கும் ஆட்டம்: சுமார் 500 முதல் 800 சொற்கள். ஸீன் எனப்படும் சிறு கையேடு: ஏ5 அளவில் 24 முதல் 40 பக்கம். முழுப் புத்தகம்: 150 பக்கத்துக்கு மேல். முழுப் புத்தகத்தை முதல் முயற்சியாக எடுக்காதீர்கள். பக்கம் இரட்டித்தால் எழுத்து மட்டும் இரட்டிப்பதில்லை. படம், பிழைதிருத்தம், சோதனை, குறுக்குக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்து ஏறும். நாற்பதாம் பக்கத்தில் ஒரு விதியை மாற்றினால் அதைத் தொட்டுப் பேசும் ஏழெட்டு இடங்களைத் தேடித் திருத்த வேண்டியிருக்கும். அவற்றில் ஒன்று நிச்சயம் விட்டுப்போகும்.

ஏ5 பக்கம் ஒன்றில் பத்துப் புள்ளி எழுத்தில் ஆங்கிலம் 250 முதல் 300 சொற்கள் பிடிக்கும். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் 200 சொல்லை ஒட்டித்தான் நிற்கும். பக்கக் கணக்கு போடும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் மூன்று கேள்விக்கு விடை எழுதி ஒட்டி வையுங்கள்: ஆடுபவர்கள் யாராக ஆடுகிறார்கள்? ஒவ்வொரு அமர்விலும் என்ன செய்கிறார்கள்? அதை எது தடுக்கிறது? மூன்றாவதற்கு விடை வரவில்லை என்றால் உங்களிடம் இருப்பது ஓர் உலகம் மட்டும்தான், ஆட்டம் இன்னும் வரவில்லை. ஐம்பது பக்க வரலாறும் வரைபடமும் எழுதிவிட்டு விதிக்கு வரும்போது களைத்துப்போவது இப்படித்தான் நேர்கிறது.

யாருடைய விதியின் மேல் கட்டுகிறீர்கள்?

ஆடும் முறைக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. இரண்டு பகடை உருட்டிக் கூட்டுவது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அந்த முறையை விளக்கும் வாக்கியங்கள், படங்கள், கற்பனை உலகம், பாத்திரங்கள் எல்லாம் சொந்தம் கொண்டாடக்கூடியவை. பெயர்களும் சின்னங்களும் வணிக முத்திரைச் சட்டத்தின் கீழ் வரும். ஆகவே இன்னோர் ஆட்டத்தின் முறையை உங்கள் சொற்களில் எழுதலாம். பத்தியை வெட்டி ஒட்டக் கூடாது.

வெட்டி ஒட்டவே அனுமதி தரும் மூலங்களும் உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு, அதாவது எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில், பிறர் பயன்படுத்தப் பொது அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 உரிமத்தில் வெளியானது. 2000 முதல் இருந்துவந்த ஓஜிஎல் எனும் திறந்த விளையாட்டு உரிமத்தை மாற்றப் பதிப்பாளர் முயன்று, பெரும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு நடந்தது அது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை ஒரு முறை கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது என்பதுதான் அதன் பலம். பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டத்தின் எஸ்ஆர்டியும் கிரியேட்டிவ் காமன்ஸில்தான் இருக்கிறது.

உரிமப் பெயரின் வாலைக் கவனியுங்கள். பிஒய் மட்டும் என்றால் மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், விற்கலாம். எஸ்ஏ ஒட்டியிருந்தால் அதைத் தழுவிய உங்கள் படைப்பையும் அதே உரிமத்தில் விட்டாக வேண்டும். என்சி இருந்தால் விற்கவே முடியாது. என்டி இருந்தால் மாற்றி வெளியிட முடியாது. மூலத்தைக் குறிப்பிடும் வாசகத்தை எஸ்ஆர்டியிலேயே கொடுத்திருப்பார்கள். அதை ஒரு சொல்லும் மாற்றாமல் உங்கள் முன்பக்கத்தில் இடுங்கள்.

டன்ஜன் மாஸ்டர்ஸ் கில்ட் போன்ற சமூகப் படைப்புத் திட்டங்கள் வேறு வகை. பெரிய பதிப்பாளரின் உலகத்தையும் பெயர்களையும் பயன்படுத்த விடுவார்கள். பதிலுக்கு விற்பனையில் பாதிதான் உங்களுக்கு. அந்தப் படைப்பை வேறெங்கும் விற்கவும் முடியாது. சொந்தமாக ஆட்டம் வடிவமைத்தவருக்கு இது பொருந்தாத கதவு.

பகடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். இரண்டு ஆறுமுகப் பகடைகளைக் கூட்டி, 6 அல்லது கீழ் என்றால் தோல்வி, 7 முதல் 9 என்றால் பாதி வெற்றி, 10 அல்லது மேல் என்றால் முழு வெற்றி என்ற பிரபலமான முறையை எடுத்துக்கொள்வோம். பகடைத் தொகையோடு சேர்க்கும் கூட்டல் புள்ளி எதுவும் இல்லாதபோது தோல்வி 41.7%, பாதி வெற்றி 41.7%, முழு வெற்றி 16.7%. கூட்டல் 1 வந்தால் தோல்வி 27.8%ஆக விழுகிறது. கூட்டல் 3 வந்தால் தோல்வி 8.3%, முழு வெற்றி 58.3%. அதாவது இந்த முறையில் கூட்டல் 3ஐத் தாண்டினால் பகடை உருட்டுவதே சடங்காகிவிடும். திறமைக்கு 2, ஆயுதத்துக்கு 1, நண்பன் உதவிக்கு 1, தயாரிப்புக்கு 1 என்று தனித்தனியாக எழுதும்போது எதுவும் பெரிதாகத் தெரியாது. மேசையில் ஒரே உருட்டலில் ஐந்து புள்ளியும் சேர்ந்து வந்து நிற்கும். உச்சவரம்பை விதியிலேயே எழுதிவிடுங்கள்.

பல பகடை உருட்டி அதில் உயர்ந்ததை எடுக்கும் முறையில், 6 வரும் வாய்ப்பு ஒரு பகடைக்கு 16.7%, இரண்டுக்கு 30.6%, மூன்றுக்கு 42.1%, நான்குக்கு 51.8%. ஒவ்வொரு கூடுதல் பகடையும் முந்தையதைவிடக் குறைவாகத்தான் உதவுகிறது. அதனால் கூட்டல்கள் குவியும் ஆபத்தை இந்த முறை தானாகவே தாங்கிக்கொள்ளும். இருபதுமுகப் பகடையில் ஒவ்வொரு புள்ளியும் சரியாக 5%. சிக்கலான முறைகளுக்கு எனிடைஸ் என்ற இணையதளத்தில் ஓரிரு வரி எழுதினால் பட்டியல் கிடைக்கும்.

அட்டவணைகளுக்கும் இதே கணக்குத்தான். இரண்டு பகடையைக் கூட்டும் அட்டவணையில் 7 வரும் வாய்ப்பு 36இல் 6. 2, 12 இரண்டுக்கும் 36இல் ஒன்று ஒன்று. அடிக்கடி நடக்க வேண்டியதை நடுவிலும், அபூர்வத்தை ஓரங்களிலும் வையுங்கள். எல்லாம் சம வாய்ப்பில் வர வேண்டும் என்றால் ஒரு பகடையைப் பத்தாம் இடமாகவும் மற்றொன்றை ஒன்றாம் இடமாகவும் படிக்கும் டி66 அட்டவணை: 11 முதல் 66 வரை மொத்தம் 36 பதிவுகள். 66 பதிவுகள் என்று நினைத்து எழுத ஆரம்பித்து நடுவில் விழிப்பவர்கள் உண்டு.

விதியை எழுதும் தமிழ்

பள்ளிக் கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று பழக்கியிருப்பார்கள். விதிநூலில் அந்தப் பழக்கம் நஞ்சு. ஒரு இடத்தில் சோதனை, இன்னோர் இடத்தில் முயற்சி, மூன்றாவதில் உருட்டல் என்று எழுதினால் படிப்பவர் மூன்று தனித்தனி விதிகள் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார். ஒரு பொருளுக்கு ஒரு சொல். தனிக் கோப்பில் சொற்பட்டியல் வைத்துக்கொண்டு, எழுதி முடித்ததும் ஒவ்வொன்றையும் தேடிச் சரிபாருங்கள்.

தமிழுக்கே உரிய இன்னொரு பள்ளம் எழுவாய். பேச்சில் எழுவாயை விழுங்கிவிடுவது நமக்கு இயல்பு. “உருட்டி, தோற்றால் என்ன ஆகிறது என்று சொல்லலாம்.” யார் உருட்டுவது? யார் சொல்வது? சொல்லியே ஆக வேண்டுமா, விருப்பமா? இதையே இப்படி எழுதுங்கள்: “ஆடுபவர் இரண்டு பகடை உருட்டுகிறார். கூட்டுத்தொகை 6 அல்லது அதற்குக் கீழ் என்றால், அடுத்து நேரும் ஆபத்தை நடத்துநர் சொல்ல வேண்டும்.” வறட்சியாகத்தான் இருக்கும். அழகை உலக வருணனையில் காட்டிக்கொள்ளலாம். ‘லாம்’ என்றால் விருப்பம், ‘வேண்டும்’ என்றால் கட்டாயம், இரண்டையும் கலக்காதீர்கள்.

ஒவ்வொரு விதியிலும் நான்கு உறுப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எப்போது தொடங்குகிறது, யார் செய்கிறார், என்ன உருட்டுகிறார் அல்லது செலவழிக்கிறார், ஒவ்வொரு முடிவிலும் என்ன மாறுகிறது. பெரும்பாலும் விடுபடுவது முதலாவதும், சமநிலையில் முடிந்தால் என்ன என்பதும்.

வரிசையைப் பொறுத்தவரை இது நன்றாக வேலை செய்கிறது: அரைப் பக்கத்தில் இது என்ன ஆட்டம், எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்னென்ன தேவை, பிறகு அடிப்படை உருட்டல், பிறகு பாத்திரம் உருவாக்குவது, பிறகு அமர்வு எப்படி ஓடும் என்ற முறை, பிறகு நடத்துநருக்கான பகுதி, கடைசியில் அட்டவணைகள். உலக வரலாற்றை முன்னால் வைக்காதீர்கள். உரையாடல் வடிவில் ஒரு பக்க ஆட்ட மாதிரி கட்டாயம் வேண்டும். அதில் எல்லாம் வெற்றியாகவே முடியக் கூடாது. ஒரு தோல்வியும், ஒருவர் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு திருத்தப்படுவதும் இருந்தால் அந்த ஒரு பக்கம் ஐந்து பக்க விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

நடத்துநருக்கான பகுதியில் “கதையைச் சுவையாகக் கொண்டுசெல்லுங்கள்” என்பது அறிவுரையே அல்ல. முதல் அமர்வில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள், அப்படியே எடுத்து ஆடக்கூடிய ஒரு தொடக்கச் சூழல், எப்போது நிறுத்துவது: இவைதான் உதவும். திகில், வன்முறை, உறவுச் சிக்கல் போன்றவற்றைத் தொடும் ஆட்டம் என்றால் எக்ஸ்-கார்டு (பிடிக்காத காட்சியை நிறுத்த யாரும் தொடக்கூடிய அட்டை) போன்ற ஒரு பாதுகாப்பு முறையையும் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் உங்கள் சொற்களில் சேருங்கள். பெயரை மட்டும் குறிப்பிட்டுவிட்டு நகராதீர்கள்.

மூன்று சுற்றுச் சோதனை

முதல் சுற்று தனியாக. நான்கு பாத்திரங்களை நீங்களே உருவாக்கி, ஒரு காட்சியை உருட்டிப் பாருங்கள். கடிகாரம் வைத்து ஒரு பாத்திரத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். விதி தெரிந்த உங்களுக்கே இருபது நிமிடம் ஆனால் புதியவருக்கு நாற்பதாவது ஆகும்.

இரண்டாம் சுற்று நீங்கள் நடத்த, மற்றவர்கள் ஆட. இங்கே வாயால் புதிதாகச் சொல்லும் ஒவ்வொரு விளக்கத்தையும் அந்த நொடியே குறித்துக்கொள்ளுங்கள். அவையெல்லாம் எழுத்துப் பிரதியில் இல்லாத விதிகள்.

மூன்றாம் சுற்றுதான் உண்மையான சோதனை. கோப்பை ஒரு குழுவிடம் கொடுத்துவிட்டு விலகிவிட வேண்டும். துறையில் இதை ப்ளைண்ட் டெஸ்ட் என்பார்கள். அவர்கள் அனுமதித்தால் ஒலிப்பதிவு வாங்குங்கள், அல்லது பேசாமல் பின்னால் உட்காருங்கள். எந்தப் பக்கத்துக்கு எத்தனை முறை திரும்பினார்கள், எங்கே அமைதி விழுந்தது, எந்த விதியைப் படிக்காமலே தாங்களாக ஒன்றை வைத்துக்கொண்டார்கள் என்று கவனியுங்கள். அவர்களாக வைத்துக்கொண்ட விதி பல நேரம் உங்களுடையதைவிட நன்றாகவே இருக்கும். கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள், நன்றிப் பட்டியலில் பெயர் போடுங்கள்.

முடிந்ததும் “நன்றாக இருந்ததா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். “கடைசியாக எப்போது கைப்பேசியைப் பார்த்தீர்கள்?”, “எந்த எண்ணை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை?”, “நாளை இதை வேறொருவருக்கு எப்படி விளக்குவீர்கள்?” என்று கேளுங்கள். பிரச்சினை இருக்கிறது என்று ஆடியவர் சொன்னால் நம்பலாம். அதற்கு அவர் சொல்லும் தீர்வை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு குழுக்கள் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே விதியை மாற்றுங்கள். ஒரே குழு மட்டும் தடுக்கினால் வாக்கியத்தை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

படங்களும் பிழைதிருத்தமும்

பிழைதிருத்தத்தை வேறொருவரிடம் கொடுங்கள். கையில் இருக்கும் சிறு தொகையில் படமா, பிழைதிருத்தமா என்று தேர்ந்தெடுக்கும் நிலை வந்தால் பிழைதிருத்தத்துக்கே கொடுங்கள். படத்துக்கு இலவச வழி உண்டு. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆகியவை பதிப்புரிமை இல்லாமல் பொதுவுடைமையான பல்லாயிரம் படங்களை உயர்ந்த தரத்தில் திறந்துவைத்திருக்கின்றன. மெட்ரோபாலிட்டன் 2017 முதல் அவற்றை எந்த நிபந்தனையும் இல்லாத சிசி0 முறையில் தருகிறது. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உரிமக் குறிப்பைப் பார்த்து, முகவரியோடு ஓர் அட்டவணையில் பதிந்துவையுங்கள். ஓர் அருங்காட்சியகத்தின் தளத்தில் இருப்பதெல்லாம் பொதுவுடைமை அல்ல. பத்துப் படங்களைப் பத்து நூற்றாண்டிலிருந்து எடுத்தால் கதம்பமாகிவிடும்; ஒரே செதுக்குக் கலைஞர், அல்லது ஒரே காலத்துத் தாவர நூல் படங்கள் என்று கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஓவியரிடம் வரைந்து வாங்கினால் பேச்சோடு விடாமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை படம், என்ன அளவு, எத்தனை முறை திருத்தம், பிடிஎஃப் அச்சு விளம்பரம் மூன்றுக்கும் உரிமை உண்டா, பணம் எப்போது. பாதி முன்பணம் என்பது பரவலான வழக்கம். எழுத்துருக்களுக்கும் உரிமம் உண்டு. ஓஎஃப்எல் எனும் திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளவற்றை விற்பனை நூலில் தயங்காமல் பயன்படுத்தலாம். நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் அந்த வகை. படமோ எழுத்தோ செயற்கை நுண்ணறிவால் உருவானது என்றால் கடைகள் அதை அறிவிக்கச் சொல்கின்றன. ஆர்பிஜி நூல்களை விற்கும் டிரைவ்த்ரூஆர்பிஜி தளம் முதன்மையாக இயந்திரம் எழுதிய நூல்களை ஏற்பதில்லை.

பக்க அமைப்பு

ஏ5 அல்லது 6க்கு 9 அங்குலம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் டேப்லெட்டில் பெரிதாக்காமல் படிக்க வரும், அச்சுக்கும் ஒத்துப்போகும். ஏ4 அளவில் இரட்டைப் பத்தி வைத்தால் கைப்பேசியில் மேலும் கீழும் இழுத்தே வாசகர் களைத்துவிடுவார். உடல் எழுத்து, அதாவது பத்திகளின் எழுத்து, 10 புள்ளிக்குக் குறையக் கூடாது. தமிழுக்கு வரி இடைவெளி 14 முதல் 15 புள்ளி தேவை. மேல்விலங்கும் கீழ்க்கொக்கியும் முட்டிக்கொள்வதை ஆங்கிலத்துக்கு வைத்த அளவு தாங்காது.

தமிழில் வெளியிடுகிறீர்கள் என்றால் மென்பொருளை முதல் நாளே சோதியுங்கள். இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். இலவசமான ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசையில் தமிழ் உடையும், 1.6இல் சரியாக வரும். பழைய குறியாக்க எழுத்துருக்களைத் தொடாதீர்கள்: திரையில் அழகாக இருக்கும், தேடினால் ஒன்றும் கிடைக்காது. முடிந்த பிடிஎஃப்பிலிருந்து ‘கொ’, ‘கெ’, ‘கை’ வரும் ஒரு பத்தியை நகலெடுத்து வெறும் உரைக்கோப்பில் ஒட்டிப் பாருங்கள். குழம்பி வந்தால் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்களுக்கு நூல் படிக்கவே முடியாது; அவர்களுக்காக ஓர் எளிய உரைக்கோப்பைத் தனியாகக் கொடுங்கள்.

ஒரு நடைமுறை, உதாரணமாகச் சண்டை, எதிரெதிர்ப் பக்கங்களில் முழுதாக அடங்கட்டும். பாதியில் பக்கம் திருப்ப வேண்டிய அட்டவணை மேசையில் யாருக்கும் பிடிக்காது. உடல் எழுத்துக்குப் பின்னால் பழைய காகிதப் படத்தைப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். வந்தால் அட்டையில் போட்டுக்கொள்ளுங்கள்.

திரைக்கான பிடிஎஃப்புக்குத் தேவையானவை: தனித்தனிப் பக்கங்கள், ஒவ்வொரு தலைப்புக்கும் புக்மார்க், உள்ளடக்கத்திலிருந்து இணைப்பு, படங்கள் 150 முதல் 200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி). கோப்பு 20 எம்பிக்குள் இருந்தால் பழைய கைப்பேசியும் திணறாது.

அச்சுக்கான கோப்பு முற்றிலும் வேறு. படங்கள் 300 டிபிஐ, சிஎம்ஒய்கே எனும் நான்கு மை நிறம், வெட்டும் ஓரத்தைத் தாண்டி நீளும் 3 மில்லிமீட்டர் அல்லது 0.125 அங்குல ப்ளீட், எல்லா எழுத்துருக்களும் உள்ளே பதிந்திருக்க வேண்டும். டிரைவ்த்ரூவின் அச்சகம் கேட்பது பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்ற அச்சுக்கான பிடிஎஃப் வகை. நான்கு மைகளையும் கூட்டிய மொத்த மை அளவு 240%ஐத் தாண்டக் கூடாது. பலரும் சறுக்குவது கறுப்பில்தான். ஆர்ஜிபி எனும் திரை நிறத்தில் உள்ள கறுப்பை மாற்றும்போது அது நான்கு மைகளின் கலவையாகிவிடும். அச்சில் தகடுகள் இழையளவு நகர்ந்தாலே சிறு எழுத்துக்குச் சுற்றிலும் வண்ண நிழல் விழும். உடல் எழுத்து கறுப்பு மை 100%, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று அமையுங்கள். பின் அடித்த கையேடு என்றால் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். 30 பக்கம் எழுதியவர் இரண்டைச் சேர்ப்பார் அல்லது வெட்டுவார். சேர்ப்பதென்றால் கடைசியில் பாத்திர விவரங்களை நிரப்பும் தாளான கேரக்டர் ஷீட்டை வையுங்கள்.

எங்கே விற்பது

ஆர்பிஜிக்கு இரண்டு பெரிய இடங்கள். இட்ச்.ஐஓவில் தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை நீங்களே முடிவு செய்யலாம், மாற்றாவிட்டால் 10%. அதோடு பணப் பரிமாற்றக் கட்டணம், பொதுவாக 2.9% மற்றும் 30 சென்ட். டிரைவ்த்ரூஆர்பிஜியில் பிடிஎஃப்புக்கு உங்களுக்கு 65%. பிற கடைகளில் விற்காமல் அங்கு மட்டும் விற்க ஒப்புக்கொண்டால் 70%. இந்த ஐந்து சதவீதத்துக்காகக் கதவை மூடிக்கொள்வது முதல் நூலுக்குத் தேவையில்லை.

5 டாலர் நூலில் இட்சில் கைக்கு வருவது சுமார் 4.05, டிரைவ்த்ரூவில் 3.25. அதே இட்சில் 1 டாலர் வைத்தால் 57 சென்ட்தான் மிஞ்சும், ஏனென்றால் அந்த 30 சென்ட் விலை எவ்வளவானாலும் அப்படியே போகும். ஆகவே ஒரு டாலர் விலை வைப்பதைவிட, இலவசம், விரும்பினால் தரலாம் என்று வைப்பது மேல். ஒரு தாள் ஆட்டத்துக்கு அது பொருந்தும். கையேட்டுக்கு விலை வையுங்கள்.

இட்சில் செய்ய வேண்டியவை வரிசையாக:

1. கணக்கு தொடங்கி, பணம் பெறும் முறையைத் தேர்ந்தெடுங்கள். நேரடி முறையில் ஒவ்வொரு விற்பனையும் உடனே உங்கள் கணக்குக்கு வரும், ஆனால் வாங்குபவர் நாட்டு வரிப் பொறுப்பும் உங்கள் தலையில். தளமே வசூலித்துப் பின்னர் தரும் முறையில் மதிப்புக் கூட்டு வரியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். புதியவருக்கு இரண்டாவதே நல்லது.
2. வரி விவரப் படிவத்தை வெளியீட்டுக்கு முன்பே முடியுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்கள் நிரப்புவது டபிள்யூ-8பென். முதல் பணம் எடுக்கும்போது கைமுறைச் சரிபார்ப்பு இருக்கும், நாள் பிடிக்கும்.
3. புதிய பக்கத்தில் வகையை ஃபிசிக்கல் கேம் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கணினி விளையாட்டுகளின் கூட்டத்தில் காணாமல் போவீர்கள்.
4. அட்டைப்படம் 630க்கு 500 பிக்சல். பாதி அளவுக்குச் சுருக்கியும் தலைப்பு படிக்க வருகிறதா என்று பாருங்கள்.
5. கோப்புகளைப் பெயரும் பதிப்பு எண்ணுமாக ஏற்றுங்கள்: திரைப் பதிப்பு, மை சேமிக்கும் கறுப்பு வெள்ளைப் பதிப்பு, கேரக்டர் ஷீட், உரைக்கோப்பு. ஷீட்டை இலவச மாதிரியாக வையுங்கள்.
6. வரைவு நிலையிலேயே விட்டு, இரகசிய இணைப்பை இரண்டு நண்பர்களுக்கு அனுப்பி, கைப்பேசியில் பதிவிறக்கச் சொல்லுங்கள். பிறகே பொதுவில் திறந்துவிடுங்கள்.

ரிவார்ட் வசதியை வைத்துச் சமூகப் பிரதிகள் கொடுப்பது இங்கே நல்ல வழக்கம்: ஒவ்வொரு விற்பனைக்கும் ஓர் இலவசப் பிரதி, வாங்க இயலாதவர் எடுத்துக்கொள்ளலாம்.

டிரைவ்த்ரூவில் புதிய பதிப்பாளரின் முதல் நூலை ஆட்கள் பார்த்த பிறகே திறப்பார்கள். ஆகவே வெளியீட்டு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். கேட்டவுடன் அச்சிட்டுத் தரும் வசதி அவர்களின் பலம். விலையிலிருந்து அச்சுச் செலவைக் கழித்த மீதியில்தான் உங்கள் பங்கு கணக்கிடப்படும்: 12 டாலர் விலை, 4 டாலர் அச்சு என்றால் 8இல் 65%, அதாவது 5.20. மாதிரிப் பிரதியை வரவழைத்துப் பார்க்காமல் அச்சு விற்பனையைத் திறக்க முடியாது. அது வந்ததும் உள் ஓரத்தில் எழுத்து தையலுக்குள் மறைகிறதா, கறுப்பு மங்கியதா, அட்டை முதுகு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். தபால் நாட்களையும் ஒரு முறை திருத்தி மறுபடி வரவழைக்கும் காலத்தையும் சேர்த்தால் இரண்டு மாதம் ஒதுக்குவது நிதானம். பிடிஎஃப்பை முதலில் விட்டு, அச்சைப் பின்னால் கொண்டுவருவதில் ஒரு நன்மை: முதல் வாசகர்கள் கண்டுபிடிக்கும் பிழைகள் காகிதத்தில் ஏறாது.

ஐஎஸ்பிஎன் இந்த இரண்டு கடைகளுக்கும் தேவையில்லை. புத்தகக் கடைகளுக்கும் நூலகங்களுக்கும் போவதென்றால் மட்டும் வாங்குங்கள், ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எண்.

விற்பனைப் பக்கம்

முதல் இரண்டு வரியில் உலகத்தின் பண்டைய வரலாறு வேண்டாம். “மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பலில் யாரைக் காப்பாற்றுவது என்று முடிவெடுக்கும் ஆட்டம். மூன்று முதல் ஐந்து பேர், மூன்று மணி நேரம், ஆறுமுகப் பகடைகள் மட்டும்.” இப்படி இருந்தால் வாங்கலாமா என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம். நடத்துநர் வேண்டுமா, முன்தயாரிப்பு எவ்வளவு, எத்தனை பக்கம் என்பதையும் சொல்லுங்கள். உள்ளடக்க எச்சரிக்கை இருந்தால் மறைக்காதீர்கள். கீழே மூன்று நான்கு உள்பக்கப் படங்கள், அவற்றில் ஒன்று விதிகள் நிறைந்த பக்கமாக இருக்கட்டும். அட்டைப் படத்தை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினால் உள்ளே ஒன்றுமில்லையோ என்ற சந்தேகம்தான் வரும்.

விளம்பரத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இட்சில் நடக்கும், குறித்த காலத்துக்குள் ஆட்டம் செய்து முடிக்கும் ஜாம்களில் கலந்துகொள்வது, ஆட்டத்தை இணையத்தில் ஆடிக் காட்டும் குழுக்களுக்கும் மதிப்புரை எழுதுபவர்களுக்கும் இலவசப் பிரதி அனுப்புவது, விற்பனைப் பக்கத்தோடு வரும் பதிவுப் பகுதியான டெவ்லாக்கில் மாதம் ஒரு முறை எழுதுவது: இவை மூன்றும் செலவில்லாதவை. பல ஆட்டங்களைச் சேர்த்து விற்கும் தொகுப்புகளில் சேர்ந்தால் பதிவிறக்கம் எகிறும், ஆடியவர் எண்ணிக்கை அதே வேகத்தில் ஏறாது. பதிவிறக்க எண்ணைப் பார்த்து அடுத்த நூலைத் திட்டமிடாதீர்கள்.

கூட்டு நிதி திரட்டல் பற்றி இரண்டே எச்சரிக்கை. கிக்ஸ்டார்ட்டர் 5%மும் பணப் பரிமாற்றக் கட்டணமும் எடுக்கும். எல்லா நாட்டுப் படைப்பாளருக்கும் அது திறந்திருப்பதில்லை, முதலில் பட்டியலைப் பாருங்கள். 2019 முதல் அங்கே நடக்கும் ஸீன்குவெஸ்ட் சிறு கையேடுகளுக்கு ஏற்ற பருவம். ஆனால் எழுத்தும் சோதனையும் முடியாமல் பணம் கேட்காதீர்கள். நட்டம் வருவது பெரும்பாலும் தபால் செலவில்; எடையைத் தராசில் நிறுத்து, தொலைவான நாட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்ட பிறகே விலை சொல்லுங்கள்.

வெளியான பிறகு

முதல் வாரத்தில் எழுத்துப் பிழைகள் வந்து குவியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய கோப்பு ஏற்றாதீர்கள். பத்து நாள் சேர்த்து 1.1 என்று ஒரே முறையாக விடுங்கள். ஆட்டமே நின்றுபோகும் விதிப் பிழை மட்டும் விலக்கு, அதை அன்றே திருத்துங்கள். இட்சில் பழைய கோப்பு இருந்த இடத்திலேயே புதியதை ஏற்றி, டெவ்லாக்கில் மாற்றங்களைப் பக்க எண்ணோடு எழுதுங்கள். திருத்தும்போது பக்க எண்கள் நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பை அச்செடுத்துக் கையில் வைத்திருப்பவரும், புதிய பிடிஎஃப்பைத் திறந்திருப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து “14ஆம் பக்கம் பாருங்கள்” என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.